பீங்கான் பல்பொடி

மார்கழி பிறந்தால் காசியம்மாளுக்கு வாயைத் திறக்கவே பயம். விடியற்காலைத் தண்ணீர் ஈறில் பட்டால் வலி காதுவரை சுண்டி இழுக்கும். இந்த வருஷம் கன்னமும் வீங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் பீங்கான் கம்பெனியில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பெரியாஸ்பத்திரி வரிசையில் போய் நின்றாள்.

பல் டாக்டர் வாய்க்குள் பார்த்துவிட்டு, "ஏம்மா, எதுல பல்லு வெளக்குற?" என்று கேட்டார்.

அத்தனை வலியிலும் காசியம்மாளுக்குப் பெருமை பொங்கியது. மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து நீட்டினாள். கம்பெனியில் உடைந்த பீங்கானை அரைத்துச் சலிக்கிற கொட்டகையில்தான் அவளுக்கு வேலை. சல்லடைக்குக் கீழே இறங்கும் மாவு முகப்பவுடர் மாதிரி நைசாக இருக்கும். எட்டு வருஷமாக அவளும், அவள் தயவில் தெருவில் ஏழு வீடும் அதில்தான் பல் துலக்குகிறார்கள். டாக்டருக்கும் கொஞ்சம் கொடுக்கலாம் என்றுதான் எடுத்துப் போயிருந்தாள். நல்ல மனசு, என்ன செய்வது!

டாக்டர் அதைத் துணியில் தொட்டு, காலி மருந்து பாட்டிலில் அழுத்தித் தேய்த்துக் காட்டினார். கண்ணாடி முழுக்கக் கீறல்.

"கண்ணாடிக்கே இந்தக் கதி. பல்லுக்கு மேல ஓடு மாதிரி ஒண்ணு இருக்குது, அதத் தேச்சே எடுத்துட்ட. அதான் குளிரு தாங்கல. ஈறும் எறங்கிப் போச்சு. இதத் தூக்கிப் போடு. மெதுவா வெளக்கு, வெதுவெதுன்னு உப்புத் தண்ணியில கொப்புளி. போனது வராது, இருக்கறதக் காப்பாத்திக்க."

மத்தியான ஷிப்டு முடிந்து காசியம்மாள் தெருவுக்குள் நுழைந்தபோது கால் இரண்டும் கழன்றுவிடும் போலிருந்தது. ஆனாலும் வீட்டுக்குப் போகவில்லை. தன் பல் போனால் போகிறது. ஆதிலட்சுமி பல்லையாவது காப்பாற்றியாக வேண்டும். நீலாவதியின் மகள் அது, பத்து வயசு. பிள்ளை பெறாத காசியம்மாளுக்கு அந்தப் பெண்ணின் வெள்ளைச் சிரிப்பில் தனக்கும் பங்கு உண்டு என்று ஒரு நினைப்பு.

வழியிலிருந்த வீடுகளிலும் சொல்லிக்கொண்டே போனாள். யார் கேட்டார்கள்? "கம்பெனி கேட்டுல சோதனை போடுறாங்களா? அத நேரா சொல்லேன்" என்றான் மாயவன். வீராயி சிரித்தாள். "கடைசியா ஒரு பொட்டலம் மட்டும் குடுத்துடுக்கா." சும்மா கொடுக்கும்போது கையெடுத்துக் கும்பிட்ட ஜனம்தான். சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் வலித்தது, மனசு சலித்தது.

நீலாவதி முறத்தைக் கீழே வைக்காமலே காசியம்மாள் சொன்னதைக் கேட்டாள். பிறகு முகம் கடுத்தது.

"எம் பொண்ணு பல்லப் பாத்து ஊரே மெச்சுது. இப்ப வந்து வேணாங்கறீங்க. நல்லா இருக்கறது கண்ண உறுத்துதாக்கா?"

காசியம்மாளுக்குச் சுருக்கென்றது. திருப்பிக் கொடுக்க ஆயிரம் வார்த்தை இருந்தது, அதற்குத் தெம்புதான் இல்லை. நிலைப்படியில் உட்கார்ந்துவிட்டாள். "தாயி, கொஞ்சம் தண்ணி கொண்டா" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

ஆதிலட்சுமி சொம்பில் மொண்டுகொண்டு வந்தவள், கொடுக்காமல் தயங்கி நின்றாள்.

"பெரியம்மா, பானைத் தண்ணி ஜில்லுனு இருக்குது. தலைய ஒருபக்கமா சாச்சிக்கிட்டு, முன்பல்லுல படாம ஊத்திக்கிட்டா வலிக்காது. நான் அப்படித்தான் குடிப்பேன்."

நீலாவதியின் கையிலிருந்த முறம் அப்படியே நின்றது. "எத்தினி நாளாடி?"

"போன குளிருலருந்து."

"ஏன்டி பாவி, எங்கிட்ட சொல்லல?"

அந்தப் பெண் அம்மாவைப் பார்க்கவில்லை. காசியம்மாளைத்தான் பார்த்தாள்.

"பெரியம்மா ஆசையா கொண்டாந்து குடுக்கறாங்க. வலிக்குதுன்னு சொன்னா அவங்க மனசு கஷ்டப்படுமில்ல?"

ஆஸ்பத்திரியில் அழாத காசியம்மாள் அங்கே, அந்த வாசலில், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நீலாவதி முறத்தைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.