நடைபாதை வரைக்கும் வில்ஃப்

ரூபர்ட் வக்கீல் சொன்னதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: புது ஆபீசில் முன்னறை கிடையாது, அதனால் முன்னறையில் உட்கார ஆளும் வேண்டாம். ஆனால் அவர் அப்படிச் சொல்லவில்லை. ஹேல்பெக் ஊரில் யாரும் எதையும் அப்படிச் சொல்வதில்லை. கொஞ்சம் வேற மாதிரி யோசித்துப் பார்க்கலாமே என்று ஆரம்பித்து, காபிக் கோப்பைக்குள் பார்த்தபடியே பேசி, இந்த இடமாற்றம் நல்லபடியாக முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று முடித்தார்.

டோரீன் ஆக்ராய்ட் நிலக்கரிச் சுரங்கத்தில் முதுகொடிந்து வேலையை இழந்தவரின் மகள். கோப்பையைப் பார்த்துப் பேசுகிறவன் என்ன சொல்ல வருகிறான் என்று அவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த முன்னறையில்தான் அவள் தலை நரைத்தது. இந்த வேலையும் போனால் இந்த வயதில் அவளை எவன் கூப்பிடப் போகிறான்?

ஆகவே இடமாற்றத்தில் ஒரு நாற்காலிக் கால்கூட உடையக் கூடாது. வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் பழைய கட்டடத்தின் சாவி வீட்டுக்காரர் கைக்குப் போயாக வேண்டும்; திங்கட்கிழமை அங்கே பல் டாக்டர் குடி வருகிறார்.

லீட்ஸ் நகரத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து ஒருவன் வந்து பார்த்தான். சுமை தூக்கும் தொழிலில் அவ்வளவு பளபளப்பான காலணியை டோரீன் கண்டதில்லை. பெட்டி கட்டுவது முதல் விளக்கைப் போடுவது வரை எங்கள் மேனேஜரே பார்த்துக்கொள்வார், உங்கள் ஆட்கள் விரலை அசைக்க வேண்டாம் என்றான். ரூபர்ட்டின் முகம் மலர்ந்ததை அவள் கவனித்தாள்; விரலை அசைக்காதவளுக்கு அப்புறம் என்ன வேலை?

"உள்ளூர்லயே ஆள் இருக்காங்க" என்றாள் டோரீன். உண்மையில் யார் இருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அவள் ஐந்து மைல் தள்ளி இருக்கும் சுரங்க ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவள்.

"அப்ப உங்க பொறுப்பு, டோரீன்" என்றார் ரூபர்ட், ரொம்ப அன்பாக.

ரொட்டிக் கடை ஐரிஸிடம் கேட்டாள். ஐரிஸுக்கு ஆபீஸ் மாறுவதும் தெரிந்திருந்தது, முன்னறை போவதும் தெரிந்திருந்தது. சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வில்ஃபக் கேளு. நடைபாதை வரைக்கும்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நார்மன்."

தபால் ஆபீசிலும் இதே பதில்தான். முடிவெட்டுகிறவரும் இதையே சொன்னார், அவரும் குரலைத் தாழ்த்தி.

வில்ஃபும் நார்மனும் அண்ணன் தம்பி. ஒரு காலத்தில் சேர்ந்தே வீட்டுச் சாமான், ஆபீஸ் சாமான் எல்லாம் ஏற்றி இறக்கினார்கள். பிறகு ஊர்க் காய்கறிப் போட்டியில், இருவரும் தண்ணீர் ஊற்றி வளர்த்த லீக்ஸ் என்ற பெரிய வெங்காயத் தண்டு ஒன்றுக்கு முதல் பரிசு கிடைத்தது. அட்டையில் வில்ஃப் பெயர் மட்டும் இருந்தது. அன்றோடு பேச்சு நின்றது. வண்டியை நார்மன் எடுத்துக்கொண்டார். கயிறு, தள்ளுவண்டி, சாமான் சுற்றும் கம்பளி, கூலியாள் எல்லாம் வில்ஃபிடம் நின்றுவிட்டன. வண்டி இல்லாமல் இவரால் முடியாது, கயிறு இல்லாமல் அவரால் முடியாது. ஊரார் யாராவது சமாதானம் பேசப் போவார்களா என்றால் அதுதான் இல்லை. அடுத்தவன் விஷயத்தில் தலையிடுவது ஹேல்பெக்கில் அலமாரியைப் போட்டு உடைப்பதைவிட மோசமான காரியம். எனவே ஊரே வளைந்து கொடுத்தது. வீட்டுக்குள்ளிருந்து நடைபாதை வரை வில்ஃப். நடைபாதையிலிருந்து வண்டி வரை நார்மன். போய்ச் சேர்ந்த இடத்தில் அப்படியே தலைகீழாக.

டோரீனுக்கு இதைக் கேட்டுச் சிரிப்புதான் வந்தது. இருவரையும் தனித்தனியே போய்ப் பார்த்துப் பேசி முடித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை வேலை நன்றாகத்தான் ஓடியது. வில்ஃபும் அவருடைய ஆட்கள் இருவரும் பெட்டிகளை நடைபாதையில் வைத்துவிட்டு உள்ளே போவார்கள். அவர்கள் முதுகு மறைந்ததும் நார்மன் செய்தித்தாளை மடித்துவிட்டு வண்டியிலிருந்து இறங்குவார். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் டோரீன்தான் தூது. கண்ணாடிச் சாமான் எதில் இருக்கிறது என்று அவரிடம் கேளுங்கள் என்பார் நார்மன். பெட்டி மேலேயே எழுதியிருக்கிறது, படிக்கத் தெரியுமா என்று அவரிடம் கேளுங்கள் என்பார் வில்ஃப். மதியத்துக்குள் அவள் தொண்டை வறண்டுவிட்டது.

மூன்று மணிக்கு மேல் அவளுடைய மேசை வந்தது. ரூபர்ட்டின் தாத்தா காலத்து ஓக் மேசை. வாசலில் பாதி உள்ளே, பாதி வெளியே வந்ததும் வில்ஃப் மூச்சு வாங்கி, அதை நிலைப்படி மேலேயே இறக்கி வைத்தார்.

"நடைபாதைக்கு வந்தாச்சு" என்றார் டோரீனிடம்.

நார்மன் வண்டியிலிருந்து எட்டிப் பார்த்தார். "பாதிதான் வந்திருக்கு. மீதி வரட்டும்னு சொல்லுங்கம்மா."

படி உள்ளே சேர்ந்ததா வெளியே சேர்ந்ததா என்ற கேள்வி இத்தனை வருடமும் எழுந்ததே இல்லை. இப்போது எழுந்தது. தூறலும் ஆரம்பித்தது. பஸ் நிறுத்தத்தில் கூட்டம் சேர்ந்தது; எல்லோரும் பஸ் வரும் திசையைத்தான் பார்ப்பது போல நின்றார்கள், ஆனால் வந்த பஸ்ஸில் ஒருவரும் ஏறவில்லை. ரூபர்ட் சாவியோடு மாடியிலிருந்து இறங்கி வந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டார்.

"டோரீன், நான் லீட்ஸுக்கு ஒரு போன் போட்டுப் பார்க்கவா?" என்றார், மேசைக்கு மேலே தலையை மட்டும் நீட்டி.

"போடுங்க தம்பி. வர ரெண்டு வாரம் ஆகும்னு சொல்லுவாங்க. அதுவரைக்கும் உள்ளயே இருங்க."

பிறகு சகோதரர்கள் பக்கம் திரும்பினாள். "எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இழுப்பறையைக் கழட்டாம இதைத் தூக்கலாம்னு யார் சொன்னது?"

"தூக்கறவன் ஒழுங்காத்தான் தூக்கினேன். வெளிய நின்னு வாங்கறவன் வந்து வாங்கணும்ல" என்றார் வில்ஃப்.

"அவர்கிட்ட சொல்லுங்கம்மா…" என்று ஆரம்பித்தார் நார்மன்.

"சொல்ல மாட்டேன். காலையிலேருந்து சொல்லியாச்சு. அவர் காது உங்களுக்கு நாலடி தூரத்துல இருக்கு. செவிடும் இல்ல. வேணும்னா நீங்களே சொல்லிக்கோங்க."

நார்மன் விளக்குக் கம்பத்தின் பக்கம் திரும்பினார். அந்தக் கம்பத்திடமே பேசினார்.

"அந்த லீக்ஸும் இதே கதைதான். பாடுபட்டது ஒருத்தன், பேர் வாங்கினது இன்னொருத்தன்."

"தண்ணி ஊத்திட்டா பாடுபட்டதா ஆயிடுமாடா?" என்றார் வில்ஃப்.

அந்த 'டா' விழுந்ததும் பஸ் நிறுத்தமே திரும்பிப் பார்த்தது. அட்டையில் பெயர் எழுதினது போட்டி நடத்தினவன், நானில்லை என்றார் வில்ஃப். திருத்தச் சொல்ல உனக்கு வாய் இல்லையா என்றார் நார்மன். உரம் யார் போட்டது, வேலி யார் கட்டினது, ஆட்டை யார் உள்ளே விட்டது எல்லாம் வந்தது. சண்டை போட முகத்துக்கு முகம் பார்க்க வேண்டும், குறுக்கே மேசை. நீ ஒழுங்காகப் பிடித்திருந்தால் எப்போதோ வந்திருக்கும் என்று நார்மன் தன் முனையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். எங்கே, நீ பிடிக்கிற லட்சணத்தைப் பார்க்கிறேன் என்று வில்ஃப் மறுமுனையைத் தூக்கினார். நிலையில் ஒரு கீறலைப் போட்டுவிட்டு மேசை வெளியே வந்தது. பின்னாலேயே ரூபர்ட்டும் வந்தார்.

சாவி ஐந்துக்கு முன்பே போய்ச் சேர்ந்தது. புது ஆபீஸ் வரை அண்ணனும் தம்பியும் ஒரே வண்டியில் போனார்கள். கண்ணாடியை ஏற்றியிருந்தும் ஆட்டு விவகாரம் தெரு முழுக்கக் கேட்டது.

புது ஆபீசில் எல்லாம் மாடிக்குப் போயிற்று. மேசையை மட்டும் கீழே வாசல் வழியில் இறக்கினார்கள்.

"இதையும் மேல ஏத்திடலாம்ல? என் அறையில போட்டுக்குவேன்" என்றார் ரூபர்ட்.

மேற்பலகையின் அடியில் நான்கு திருகாணி இருப்பதும், கழற்றினால் மேசை இரண்டாகப் பிரிந்துவிடும் என்பதும் டோரீனுக்குத் தெரியும். அவள் வாயைத் திறக்கவில்லை. வில்ஃபின் கட்டைவிரல் பலகைக்கு அடியில் எதையோ தடவிக்கொண்டிருந்தது. தடவியபடியே தம்பியைப் பார்த்தார். நார்மன் டோரீனைப் பார்த்தார், பிறகு மாடிப்படியைப் பார்த்தார்.

"ஏறாது" என்றார் நார்மன்.

"ஏறவே ஏறாது" என்றார் வில்ஃப்.

இத்தனை வருடத்தில் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அது. ரூபர்ட் மேசையைப் பார்த்தார், படியைப் பார்த்தார். சரி, இப்போதைக்கு இங்கேயே இருக்கட்டும் என்றார்.

திங்கட்கிழமை காலை அவர் வந்தபோது டோரீன் மேசைக்குப் பின்னால் இருந்தாள். பக்கத்தில் போனும் வைத்திருந்தாள், பெப்பர்மின்ட் டப்பாவும் வைத்திருந்தாள். அவளுக்கு வணக்கம் சொல்லாமல் யாரும் மாடி ஏற முடியாது. ரூபர்ட் வயிற்றை எக்கிக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து உள்ளே போனார்.

"கொஞ்சம் இடைஞ்சலா இருக்கோ, டோரீன்?"

"வேற மாதிரி யோசிச்சுப் பார்க்கலாம் தம்பி" என்றாள் அவள், டீக் கோப்பையைப் பார்த்தபடி.