சாய்ந்து நின்ற லாரி

17 மார்ச் 1957, ஞாயிறு. நேற்றைய தவறு: டீசல் அளந்து எழுதும்போது லாரி நின்ற இடத்தைக் குறிக்க மறந்துவிட்டேன். சிறு தவறு.

இதை எழுதி முடித்ததும் பாஷ்யத்துக்கு மனம் ஒப்பவில்லை. தவறு இவ்வளவுதானா என்று பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தான். செங்கல்பட்டில் ராஜாராமின் லாரிக் கொட்டகையில் அவன் குமாஸ்தா. சாயங்காலம் இயந்திரப் படிப்பு வகுப்பு. கடற்கரைப் பக்கத்திலிருந்து சவுக்குக்கட்டை ஏற்றி ரயிலடியில் இறக்கும் லாரி ஒவ்வொரு சனிக்கிழமையும் கொட்டகைக்கு வந்ததும், டிரைவர் உட்காரும் வலது பக்கத்து டாங்கியில் பாஷ்யம் அளவுக்குச்சியை விட்டுப் பார்ப்பான். டீசல் எத்தனை காலன் என்று காட்டக் குச்சியில் கோடு வெட்டியிருக்கும். அந்த லாரிக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவில் இரண்டு டாங்கிகள். அடியில் ஒரு குழாய் இரண்டையும் சேர்த்திருந்தது. அதனால் வலது டாங்கியை மட்டும் அளந்து இரட்டிப்பாக்கினால் போதும் என்பது கொட்டகையின் வழக்கம். நேற்று குச்சி ஆறு காட்டியது. பன்னிரண்டு என்று எழுதினான். ஓடிய தூரத்துக்கு இருபது மிச்சமிருக்க வேண்டும். எட்டு காலன் குறைவு. விளக்கு வைப்பதற்குள் டிரைவர் சின்னையனிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, டீசல் திருடியவன் என்று நாலு பேர் முன்னால் சொல்லி ராஜாராம் அவனை அனுப்பிவிட்டார்.

நின்ற இடம். வழக்கமான சமதரையை அச்சு முறிந்த வேறொரு லாரி அடைத்துக்கொண்டு கிடந்தது. சின்னையன் வண்டியைக் கொட்டகையை ஒட்டிய ஏரிக்கரைச் சரிவில் நிறுத்தியிருந்தான், இடது சக்கரங்கள் பள்ளத்தில்.

பாஷ்யம் நாட்குறிப்பின் ஓரத்தில் இரண்டு சின்னப் பெட்டிகள் வரைந்து அடியில் ஒரு கோட்டால் சேர்த்தான். இரண்டிலும் பாதி உயரத்தில் ஒரே மட்டமாக டீசல். பிறகு நோட்டை லேசாக இடது பக்கம் சாய்த்தான். பெட்டிகளோடு அவன் வரைந்த டீசல் மட்டமும் சாய்ந்தது. காகிதத்தில்தான் அப்படிச் சாயும். டாங்கியில் இருப்பது சாயாது. குழாய் வழியாகப் பள்ளத்துப் பக்கம் போய்ச் சேர்ந்துவிடும். அவன் நோட்டை மூடிவிட்டுக் கொட்டகைக்குக் கிளம்பினான்.

அளவுக்குச்சியோடு அவன் ஏரிக்கரைக்கு வந்தபோது, கொட்டகை வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த காசியம்மாள் நிமிர்ந்தாள்.

"ஞாயித்துக்கெழம கூட குச்சியத் தூக்கிகினு வந்துட்டியா சாமி? அதான் நேத்தே ஒரு ஆள அளந்து அனுப்பிட்டியே."

பாஷ்யம் அவளைத் தாண்டி லாரியை நோக்கி நடந்தான்.

"தூக்குச்சட்டிய எடுத்துகினு போனான். திரும்பிக்கூட பாக்கல," என்றாள் அவள், துடைப்பத்தைத் தட்டிக்கொண்டே.

லாரி நேற்று நிறுத்திய இடத்திலேயே நின்றது. வலது டாங்கியில் ஆறு. குச்சியைத் துடைத்து மறுபடி விட்டான், ஆறுதான். பள்ளத்தில் இறங்கி இடது டாங்கியின் மூடியைத் திறந்தான். பதினாலு. தன் கண்ணை நம்பாமல் மூன்று தரம் அளந்தான். மூன்று தரமும் பதினாலு. ஆறும் பதினாலும் இருபது. ஒரு சொட்டுகூட எங்கும் போகவில்லை.

ராஜாராம் வீட்டுக் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டுவிட்டுப் பேப்பரை மடித்தார்.

"நேத்து ராத்திரியெல்லாம் வண்டி வெளியிலதான் நின்னுகினு இருந்துது. எவனாவது பயந்துகினு வந்து இடது டாங்கில ஊத்தியிருந்தா?"

இந்தக் கேள்வியை வழியெல்லாம் பாஷ்யமும் தன்னிடம் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தான்.

"இடதுல ஊத்தினா அதுல மட்டும் நிக்காது சார். குழாய் வழியா வலதும் ஏறியிருக்கணும். வலது நேத்தும் ஆறு, இன்னிக்கும் ஆறு."

ராஜாராம் விரலால் பேப்பரின் மடிப்பை நீவிக்கொண்டே இருந்தார். அதன் பிறகு எழுந்து போய், சுவரில் மாட்டியிருந்த சாவியை எடுத்து வந்தார்.

"நீயே போய்க் குடு. வரானோ இல்லியோ, அது அவன் இஷ்டம்." சாவியைக் கொடுத்த கை உடனே விலகவில்லை. "அவனுக்கு இன்னா வாயில்லையா? வண்டி சாஞ்சி நிக்குதுன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் இந்தப் பேச்செல்லாம் பேசியிருப்பேனா?"

பாஷ்யம் வாயைத் திறந்தான். "வரேன் சார்" என்றுதான் வந்தது.

சின்னையன் சொல்லியிருந்தான். நேற்றுக் குச்சி டாங்கிக்குள் இறங்கும்போதே, பீடியை அணைத்துக் காதில் செருகிக்கொண்டு, "வண்டி சாஞ்சிகினு கீது சாமி. அந்த ஒடஞ்ச வண்டியத் தள்ளிட்டு, சமதரைக்கு எடுத்தாந்து அளக்கலாமா?" என்று கேட்டான். வகுப்புக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. "வலது பக்கம்தானே அளக்கணும்? அளந்தாச்சு," என்றான் பாஷ்யம். பிறகு ராஜாராம் சாவிக்குக் கை நீட்டியபோது சின்னையன் அவரைப் பார்க்கவில்லை. பாஷ்யத்தைத்தான் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பாஷ்யம் எழுதியதன் மேல் மை காய ஒற்றுத்தாளை வைத்து அழுத்திக்கொண்டிருந்தான்.

வெயில் தாழ்ந்ததும் அவன் மறுபடியும் நாட்குறிப்பைத் திறந்தான். காலையில் எழுதிய வரியில் 'சிறு' என்ற சொல்லை அடித்தான். சாவியை நோட்டின் நடுவில் வைத்தபோது, அதில் ஒட்டியிருந்த எண்ணெய் காகிதத்தில் இறங்கி, வரைந்த இரண்டு பெட்டிகளையும் தொட்டுக்கொண்டு மெல்லப் பரவியது. அதற்குக் கீழே ஈரமில்லாத இடமாகப் பார்த்து எழுதினான்.

நாளை: திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் முதல் பஸ்ஸில் சின்னையனின் ஊருக்கு, பூஞ்சேரிக்கு. அவனிடம் சாவியைக் கொடுக்க வேண்டும். திரும்பி வந்ததும், அவன் சனிக்கிழமையே சொன்னான், அது என் காதில் விழுந்தது என்பதை முதலாளியிடம் சொல்ல வேண்டும்.