அத்திக்கு வெட்டிய குழி

மஸ்தூரா அத்தியின் கிளைகளைச் சேர்த்து அணைத்துப் பழைய கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தாள். மூடுபனி உஸ்பெக் நாட்டு மர்கிலான் ஊரையே விழுங்கியிருந்தது. முற்றத்துச் சுவருக்கு அப்பால் ஒன்றுமே இல்லை; எங்கேயோ சருகு எரிகிற வாசனை மட்டும் வந்துகொண்டிருந்தது. பல ராத்திரி தூக்கம் கெட்டதில், முடிச்சுப் போடுவது தன் கைதானா என்றே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

"கட்டறதோட நிறுத்திக்கோ," என்றாள் வாசலில் வந்து நின்ற சவோதத். கணவனின் அக்கா. வாய் பெரிது, உடம்பு அதைவிடப் பெரிது. "சீக்காளி படுத்திருக்கற வீட்டுல குழி வெட்டக் கூடாது. நாமளே கூப்பிட்ட மாதிரி ஆயிடும்."

"இன்னைக்கு ராத்திரி தண்ணியே உறைஞ்சிடும்னு ரேடியோவுல சொன்னான், அண்ணி."

"மரம் போனா இன்னொண்ணு வச்சுக்கலாம். என் தம்பி போனா?"

மஸ்தூரா அடுத்த முடிச்சைப் போட்டாள். தெருவில் மற்ற வீட்டு அத்திகளெல்லாம் பனிக்குத் தப்ப எப்போதோ குழிக்குள் வளைந்து, வைக்கோலைப் போர்த்திக்கொண்டு மண்ணுக்கடியில் தூங்கப் போய்விட்டன. வசந்தத்தில் மண்ணை விலக்கினால் எழுந்து நிற்கும். இவள் வீட்டு மரம் மட்டும் இன்னும் வெறும் உடம்போடு நின்றது.

அவள் உள்ளே போனாள். எர்காஷ் ஜன்னலோர மெத்தையில் கண்மூடிக் கிடந்தான். தலைமாட்டில் ஒரு கிண்ணம் தண்ணீர், அதன் விளிம்பில் கொஞ்சம் பஞ்சு. கடைசி மூச்சு வறண்ட நாக்கோடு போய்விடக் கூடாதென்று, சவோதத் தேநீர் குடிக்கக்கூட அந்தக் கிண்ணத்தை விட்டு நகராமல் காவல் இருந்தாள். குழி வெட்டுவதைத் தடுக்க மட்டும்தான் எழுந்து வந்திருந்தாள்; இப்போது முணுமுணுத்தபடி மறுபடி அங்கேயே உட்கார்ந்தாள்.

"மரத்தை மூடியாச்சா?" என்றான் எர்காஷ்.

"மூடியாச்சு," என்றாள் மஸ்தூரா. இந்தப் பொய்க்காகத்தான் காலையில் ஜன்னல் திரையை இழுத்து விட்டிருந்தாள்.

அவன் நினைவு எங்கெங்கோ போனது. மில் சங்கு ஊதியதா என்று கேட்டான். செத்துப்போன அம்மா சமையலறையில் இருக்கிறாளா என்று கேட்டான். பிறகு தெளிவாகச் சொன்னான்: "வெட்டின மண்ணு வாசனை வரலியே. சருகு வாசனைதான் வருது."

ஒவ்வொரு வருஷமும் அந்த மரத்தை வேறு யாரையும் தொடவிடாமல் தானே படுக்கவைத்த மனிதன். சாகக் கிடக்கிறவனைப் போய் ஏமாற்றினோமே என்று மஸ்தூராவுக்குத் தன் மீதே வெறுப்பு வந்தது. இன்றைக்கே அவன் போய்விட்டால், குழி வெட்டிப் புருஷனுக்குச் சாவைக் கூப்பிட்டவள் என்று தெரு பேசும். பேசட்டும். பொய்யைக் கேட்டுக்கொண்டு அவன் போகக் கூடாது. திரையை விலக்கிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

"உனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்று பின்னாலிருந்து வந்தது சவோதத்தின் குரல்.

மண் ஈரமாக, இளக்கமாக இருந்தது. குழி விழுந்துவிட்டது. ஆனால் மரம் படுக்க மறுத்தது. வளைத்துப் படுக்கவைப்பாள், மண்ணை அள்ளக் கையெடுத்ததும் மெல்ல எழுந்து நின்றுவிடும். மறுபடி வளைப்பாள், மறுபடி எழும். இரண்டு ஆள் வேலை அது. அவன் மட்டும் எப்படி ஒற்றை ஆளாகச் செய்தான் என்று இத்தனை வருஷம் அவள் கேட்டதே இல்லை.

ஜன்னலருகே வந்தாள். "அண்ணி, கொஞ்சம் வந்து அமுக்கிப் பிடிங்க."

"நான் செத்தாலும் வர மாட்டேன்."

எர்காஷின் உதடு அசைந்தது. "போக்கா. நீ உக்காந்தா ஒட்டகமே எழுந்திருக்காது."

சவோதத் அவனை முறைத்தாள். பஞ்சைத் தண்ணீரில் தோய்த்து அவன் உதட்டை நனைத்தாள். பிழிந்து வைத்தாள். பிறகு திட்டிக்கொண்டே வெளியே வந்து, கட்டிய கிளைகளின் மேல் தொம்மென்று உட்கார்ந்தாள். மரம் அடங்கிப்போனது.

மஸ்தூரா வைக்கோலைத் திணித்து மண்ணை அள்ளிப் போட்டாள்.

"என்னையும் சேத்து மூடிடாதடி."

"உங்களுக்கு இந்தக் குழி பத்தாது அண்ணி."

இருவரும் சிரித்துவிட்டார்கள். பனிக்குள் அந்தச் சிரிப்பு வேறு யாரோ தூரத்தில் சிரிப்பதுபோலக் கேட்டது. ஜன்னலுக்குள் அவன் முகம் வெளிறித் தெரிந்தது. அவன் பார்க்கிறான் என்று மஸ்தூரா நினைத்தாள். மூடி முடித்து, மண்ணைத் தட்டிச் சமன்செய்தார்கள்.

உள்ளே போனபோது அவன் முகம் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தது. கண்கள் திறந்திருந்தன. மூச்சு இல்லை. கிண்ண விளிம்பில் பஞ்சு, பிழிந்து வைத்த இடத்திலேயே இருந்தது.

சவோதத் பஞ்சைப் பார்த்தாள். மஸ்தூராவைப் பார்த்தாள். 'உன்னாலதான்' என்று சொல்லப்போகிறாளென மஸ்தூரா காத்திருந்தாள். சவோதத் குனிந்து தம்பியின் கண்களை மூடினாள். தாடையை வெள்ளைத் துணியால் கட்டினாள். அப்புறம்தான் அவளிடமிருந்து அழுகை வெடித்தது, தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி.

பெண்கள் வந்து நிறைந்தார்கள். தெருவிலேயே மூத்தவளான இனோயத், மஸ்தூராவைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, எந்த இழவு வீட்டிலும் முதலில் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"கடைசியில யாரு தண்ணி விட்டா?"

மஸ்தூரா மண் படிந்த கைகளை முக்காட்டுக்குள் மறைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். சவோதத் முந்திக்கொண்டாள்.

"இவதான் விட்டா. நான் தலைமாட்டுல இருந்தேன். ரெண்டு வாய் குடிச்சான். நல்லபடியா போனான்."

சொல்லிவிட்டு, வந்தவர்கள் உட்கார மெத்தை எடுப்பதற்காகச் சுவர்ப் பக்கம் திரும்பினாள். அவளுடைய கருநீல அங்கியின் பின்பக்கம் முழுக்க ஈரமண் அப்பியிருந்தது. அதில் வைக்கோலும் ஒரு பழுத்த அத்தி இலையும்.

எல்லார் கண்ணும் அதன்மேல் போயிற்று. இனோயத் எழுந்து அவள் பின்னால் போய் நின்றாள். இலையை எடுத்துத் தன் மடியில் போட்டுக்கொண்டு, மண்ணைக் கையாலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிவிட ஆரம்பித்தாள்.