டேங்குக்கு அடியில் ஒரு கார்

இடித்து நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்துவதுதான் அவர் தொழில். எல்லாருக்கும் அவர் டிங்கர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். வாரத்தில் ஆறு நாள் அடுத்தவன் இடித்ததைச் சரிசெய்வார். ஏழாவது நாள் காயலான் கடை ஒன்று விடாமல் ஏறி இறங்குவார். என்றைக்காவது ஒரு பழங்காலத்துக் காரின் சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், கண்ணில் படும்; அதன்மேல் தன் கையாலேயே ஒரு முழுக் காரைக் கட்டி எழுப்ப வேண்டும். வாழ்க்கையில் அவர் ஆசைப்பட்டது அது ஒன்றுக்குத்தான். அவர் மனைவி ஆசைப்பட்டது, ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது மனிதர் வீட்டில் இருந்து மொட்டைமாடி டேங்கின் மிதவையை மாற்றித் தர வேண்டும் என்பதற்கு.

மூன்று வாரம் டேங்க் வழிந்து, பக்கத்து வீட்டுத் துணியெல்லாம் நனைந்து, அந்த வீட்டுக்காரர் ஈரச் சட்டையோடு வாசலில் வந்து நின்ற பிறகுதான் டிங்கர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மாடி ஏறினார். ஏறும்போதே திட்டிக்கொண்டு ஏறினார். திட்டு டேங்குக்கு அல்ல, அதைத் தாங்கிக்கொண்டிருந்த இரும்பு ஸ்டாண்டுக்கு. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இந்த வீட்டைக் கட்டியபோது மனைவியின் அண்ணன் கொண்டுவந்து வைத்தது அது. மச்சானுக்கு வெல்டிங் பட்டறை. ஆனால் அந்த ஸ்டாண்டில் ஒரு இடத்திலும் வெல்டிங் கிடையாது, எல்லாம் வெறும் போல்ட்டும் நட்டும். தங்கச்சி வீட்டு வேலைக்கு வெல்டிங் கம்பி செலவு செய்யக்கூட அந்த ஆளுக்கு மனசு வரவில்லை என்பது டிங்கரின் தீர்மானமான கருத்து.

மச்சானோடு பேச்சுவார்த்தை நின்றும் அதே பத்தொன்பது வருஷம். புது வீட்டுக்குக் குடிவந்த அன்று, இருபது பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, டிங்கர் சரிசெய்து கொடுத்த தன் காரைக் காட்டி மச்சான் சொன்னார்: "மாப்ள தட்டின கதவு, சாத்தினா திறக்குது." இருபது பேரும் சிரித்தார்கள். அதிலே ஒருவருக்குப் புரையேறியும் போயிற்று. அன்றையிலிருந்து எந்த விசேஷத்தில் பார்த்தாலும் மச்சான் "மாப்ள, அந்த டேங்க் ஸ்டாண்டு இருக்கே" என்று ஆரம்பிப்பார். டிங்கர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கை கழுவப் போய்விடுவார். சில விசேஷங்களில் சாப்பிடுவதற்கு முன்பே மூன்று தடவை கை கழுவியிருக்கிறார்.

மிதவை மாற்ற மாடி ஏறிய அன்று ஸ்பேனர் வழுக்கி ஸ்டாண்டின் மேல் விழுந்தது. பெயிண்ட் பெயர்ந்தது. மேலே பச்சை, அதற்குக் கீழே நீலம், அதற்கும் கீழே சிவப்பு. டிங்கரின் பட்டறையில் மிஞ்சிய பெயிண்டை மனைவி ஆறு வருஷத்துக்கு ஒரு தடவை கொண்டுவந்து அடித்தது. அதற்கும் அடியில், துளிக்கூடத் துருப்பிடிக்காத இரும்பில், எண்கள் பொறிக்கப்பட்டிருந்தன.

டிங்கர் டேங்குக்கு அடியில் மல்லாந்து படுத்தார். இரண்டு பக்கச் சட்டமும் பின்னால் போகப் போக மேலே வளைந்து எழுந்தன, பின் அச்சுக்கு இடம் விட்டு. அந்த வளைவு அவருக்கு மனப்பாடம். அந்த மாடலின் படத்தைத்தான் பட்டறைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருக்கிறார். அவர் தேடாத காயலான் கடை இல்லை. அந்தக் காரின் சேஸிஸ் அவர் குளிக்கிற தண்ணீரைத் தூக்கிக்கொண்டு தலைக்கு மேலேயே நின்றிருக்கிறது. அழுகை வந்துவிட்டது. டேங்க் முகத்தில் வழிந்துகொண்டிருந்ததால் மானம் தப்பியது.

"ஏங்க, மிதவை மாத்தியாச்சா?" மனைவி படியில் நின்று கேட்டாள்.

"இல்ல."

"அப்ப ரெண்டு மணி நேரமா படுத்துக்கிட்டு என்ன பண்றீங்க?"

விஷயத்தைச் சொன்னார். அவள் நிதானமாகக் கேட்டுவிட்டு, "சரி, அதை எடுத்துட்டா டேங்க் எங்க நிக்கும்?" என்றாள்.

மறுநாள், பழைய கார்களைச் சேர்த்து வைத்திருக்கும் தொப்பிக்காரர் ஒருவர் பூதக்கண்ணாடியோடு வந்தார். எண்ணைப் பார்த்தவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். "அசல்தான். மீதி பாகமெல்லாம் எங்கே?"

"இவ்வளவுதாங்க இருக்கு."

"அப்ப வெறும் சட்டத்தை வச்சுக்கிட்டு நீங்க என்ன பண்ணப் போறீங்க? எனக்கும் முழுசு வேண்டாம். நம்பர் இருக்கிற ஒன்றரை அடியை மட்டும் அறுத்துக் கொடுங்க. எங்கிட்ட புதுசா செஞ்ச வண்டி ஒண்ணு இருக்கு, அதுல ஒட்டிட்டா அதுவும் அசல் ஆயிடும். நீங்க கேக்கிறதைத் தர்றேன். டேங்க் பாட்டுக்கு டேங்க் நிக்கட்டும்."

மனைவிக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. வீட்டுக்குத் தண்ணீர் வருவது நிற்காது, ஒன்றரை அடிக்கு ஒரு செங்கல் தூண் வைத்தால் முடிந்தது. டிங்கரோ அந்த எண்ணைக் கையால் பொத்திக்கொண்டார். அந்த எண் போனால் மிச்சம் வெறும் டேங்க் ஸ்டாண்டுதான்; அறுக்காமல் வைத்துக்கொண்டால் மட்டும் என்ன, பானெட் இல்லை, சக்கரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்று தொப்பிக்காரரை அனுப்பி வைத்துவிட்டு, சனிக்கிழமை வரை சரியாகச் சாப்பிடவில்லை.

"இதுக்கு ஏன் இப்படி உருகுறீங்க?" என்றாள் மனைவி. "மீதி எங்கன்னு எங்க அண்ணன்கிட்டதானே கேக்கணும்."

"உங்க அண்ணனுக்கு இது என்னன்னாவது தெரியுமா?"

"ஏதோ கார் இரும்புன்னு அன்னைக்கே சொன்னாரு. நான் வாயைத் திறந்தாலே 'உங்க அண்ணன் பேச்சை எடுக்காதே'ன்னு எழுந்து போயிடுவீங்க. பெயிண்ட் அடிக்கச் சொன்னதே அவருதான்."

டிங்கர் அன்று முழுதும் கையைப் பிசைந்தார். மச்சான் வாசலில் போய் நிற்பதைவிட ஒன்றரை அடியை அறுத்துக் கொடுத்துவிடலாம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. ஞாயிறு காலை, தொப்பிக்காரர் வருவதற்கு முன்னால், சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

பட்டறையில் மச்சான் தனியாக ஒரு கேட்டுக்குக் கம்பி வைத்துக்கொண்டிருந்தார். வந்தவரைப் பார்த்ததும் முகமூடியைத் தூக்கினார்.

"அந்த டேங்க் ஸ்டாண்டு..." என்றார் டிங்கர்.

மச்சான் கையிலிருந்ததைக் கீழே வைத்தார். "கடைசியில கேட்டீங்களே மாப்ள." பின்பக்க ஷெட்டின் பூட்டைத் திறந்து தார்ப்பாயை இழுத்தார். பானெட், ரேடியேட்டர் கூடு, இரண்டு அச்சு, நான்கு சக்கரம், எல்லாம் எண்ணெய் தடவி அடுக்கியிருந்தது.

"ஒரு பழைய மில்லை இடிக்கிறப்போ கிடைச்சது. எஞ்சின் மட்டும் இல்ல. உங்களுக்குன்னுதான் எடுத்தேன். சட்டம் மட்டும் இந்த ஷெட்டுல அடங்கல. உங்க வீட்டு வேலை நடக்குது, கீழ போட்டா கொத்தனாருங்க கம்பியோட கம்பியா காயலான் கடைக்குத் தூக்கிடுவாங்க. அதான் மேல ஏத்தி டேங்கை வச்சேன். அன்னைக்குச் சாப்பாடு முடிஞ்சதும் மேல கூட்டிட்டுப் போய்க் காட்டலாம்னு இருந்தேன். அதுக்குள்ள என் வாய் சும்மா இருக்கல."

"ஒரு வெல்டிங்கூட வைக்கலையே," என்றார் டிங்கர்.

"அதுல நெருப்பு வைக்கலாமா? நாளைக்கே புது ஸ்டாண்டு அடிச்சுத் தர்றேன். இதை இறக்கிடலாம். எஞ்சினுக்கு ரெண்டு பேருமா அலைவோம்."

டிங்கர் தலையாட்டினார். தொப்பிக்காரருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றார். திரும்பும்போது பட்டறை ஓரத்தில் மச்சானின் அதே பழைய கார் நிற்பதைப் பார்த்தார். ஓட்டுநர் பக்கக் கதவை நைலான் கயிற்றால் கட்டியிருந்தது.

"ஏன், வேற டிங்கரே கிடைக்கலையா?"

"நம்ம வீட்டு ஆள் இருக்கும்போது வெளியில எப்படிக் கொடுக்கிறது?"

டிங்கர் கயிற்றை அவிழ்த்தார். கதவைச் சாத்தினார். அது மெதுவாகத் திறந்தது. இன்னொரு தடவை அழுத்திச் சாத்தினார். முனகிக்கொண்டே திறந்தது. கீலில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தார்.

"கதவு சாத்திக்கல மச்சான்," என்றார். "அன்னைக்கும் சாத்திக்கல."

மச்சான் சிரிக்கவில்லை. உள்ளே போய் ஒரு சுத்தியலை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார்.