இடக்கையால் விட்ட அமிலம்

1

இந்தக் கதை என் தற்பெருமையில் பிறந்தது. தாய்லாந்தில், ஹாட் யாய் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் கருவிகளைப் பார்த்துக்கொள்பவன் நான். ஆராய்ச்சி மாணவி விலாவன் ஜெயித்த நாளில் கருவியை ஓட்டியது நான்தான் என்று இதுவரை பத்துப் பேரிடம் சொல்லிவிட்டேன். பதினோராவது ஆள் நீங்கள்.

2

முதல் தொடக்கம்: மழை விடாமல் பெய்த ஒரு காலையில் விலாவன் கண்ணீருடன்...

(அடித்துவிட்டேன். அவள் அழவில்லை, எரிச்சலில் இருந்தாள்.)

இரண்டாவது தொடக்கம்: ரப்பர் பாலில் மிதக்கும் நுண்மணிகளுக்குள் நீண்ட இழைகள் இருக்கின்றன. அவற்றைப் பெரயோடிக் அமிலத்தால் நறுக்கினால், ஒவ்வொரு துண்டின் இரு முனையிலும் வேறு பொருளோடு கோத்துக்கொள்ள ஒரு பிடி முளைக்கும். ஆனால் பால் உறையக் கூடாது. அதற்காக முதலில் சோப்புக் கரைசலைக் கலந்துவிட்டு, அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். விலாவனுக்கு இரண்டு முறை உறைந்துபோனது. மூன்றாவதும் உறைந்தால் உதவித்தொகை நின்றுவிடும், ஆராய்ச்சிப் படிப்பும் அதோடு சரி.

3

காரணத்தை அவளே கண்டுபிடித்தாள். (ஒரு வரைவில் நான் கண்டுபிடித்ததாக எழுதியிருந்தேன். மன்னிக்கவும்.) ரப்பர் மரத்தில் பால்வெட்டும் குடும்பம். ஏழு வயதிலிருந்து தட்டில் பாலை ஊற்றி, அமிலம் விட்டு உறைய வைத்த கை.

"அண்ணே, இந்தக் கைக்கு உறைய வைக்கத்தான் தெரியும். அமிலத்தைக் கண்டா மடக்குனு கவுத்துடுது" என்றாள்.

வலக்கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு இடக்கையால் விட்டாள். பழகாத கை, தயங்கித் தயங்கிச் சொட்டாகத்தான் விட்டது.

முப்பது மணி நேரம் ஆகியும் பால் பாலாகவே இருந்தது. கழுவி உலர்த்தியபோது தேன் பதத்தில் ஒரு திரவம் கிடைத்தது. என் கருவி இரு முனைப் பிடிகளையும் காட்டியது. அந்த வரைபடத்தை அச்செடுத்து என் மேசைக்கு மேல் ஒட்டிக்கொண்டேன், சொல்ல வெட்கமில்லை.

4

அவள் அம்மா புவா வந்தார். (வரைவில் இவரைச் சாந்த சொரூபியாக்கப் பார்த்தேன். நடக்கவில்லை.) அந்தத் திரவம் இருந்த குப்பியைச் சாய்த்துப் பார்த்தார்.

"இத்தனை வருஷம் படிச்சு, பாலைக் கெடுக்கத்தான் கத்துக்கிட்டியா?"

"கெடுக்கலம்மா, நறுக்கினேன். இதுல ஒவ்வொரு துண்டுக்கும் ரெண்டு கை இருக்கு. எது கூட வேணா கோத்துக்கும்."

புவா இன்னொரு முறை சாய்த்துப் பார்த்தார். பிறகு யாரையும் கேட்காமல் குப்பியைத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

5

முடிவு அ: தாயும் மகளும் கட்டிக்கொண்டு...

(வேண்டாம்.)

முடிவு ஆ: விலாவன் பட்டம் வாங்கினாள். உண்மைதான், ஆனால் முடிவு அதுவல்ல.

குப்பியை எடுத்துப் போன மறுநாள் காலை, ஊரார் பால் விற்க வரிசையில் நிற்கும் இடத்தில் புவா அந்தக் குப்பியைத் தூக்கிக் காட்டினாராம். 'உன் பால் உறையாது' என்பது அங்கே பெரிய வசவு. தண்ணீர் கலந்தவள் என்று அர்த்தம். புவா எல்லாருக்கும் கேட்கச் சொன்னாராம்:

"எம் மக செஞ்ச ரப்பர் உறையவே உறையாது."

கேட்டவர்கள் என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். யாரை வேண்டுமானாலும் சிரிக்க வையுங்கள். புவாவைத் தலைகுனிய மட்டும் வைக்காதீர்கள்.