வைக்கலாமா, தூக்கலாமா

"கோழிக்கூண்டு ஒண்ணு இருக்கு. கதவு கிடையாது. வேணுங்கிறவங்க வந்து எடுத்துட்டுப் போகலாம்" என்று ரேடியோவில் ஒரு கிழவர் சொல்ல, "கதவில்லாத கூண்டுல கோழி எப்படிங்க இருக்கும்?" என்று நிகழ்ச்சி நடத்துகிற டுவைட் கேட்க, "அதான் கோழியும் இல்ல" என்றார் கிழவர். தேவாலயத்தின் கீழ்த்தளத்துச் சமையலறையில் முட்டை உருட்டிக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். வெர்னாவும் சிரித்தாள். பெல்ஸ் ஃபெர்ரி ஊரில் தவக்காலத்து வியாழக்கிழமைகள் இப்படித்தான். பீநட் பட்டரையும் சர்க்கரைப் பொடியையும் பிசைந்து முட்டை வடிவில் உருட்டி, சாக்லேட்டில் முக்கி, ஈஸ்டருக்கு முன் விற்றுவிட வேண்டும். இந்த வருடம் வருகிற பணம் தேவாலயக் கூரைக்காக. சாக்லேட் பானைக்கு முன்னால் ஃபே. அந்த இடத்தை அவள் இருபது வருடமாக யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆறின முட்டைகளைப் பளபளத் தாளில் சுற்றுவது இமோஜீன். போன குளிர்காலத்தில் அவள் கணவர் வெண்டல் நெஞ்சுச் சளியில் போனார். அதற்குப் பிறகு அவள் அதிகம் பேசுவதில்லை, சுற்றுவது மட்டும்தான்.

வெர்னா உருட்டுகிறவள். ஏழு வருடத்துக்கு முன் கணவன் க்ளைட் இறந்ததும், இந்த ஊரில் தன் அக்காவின் வீடு காலியாகக் கிடந்ததென்று வந்து சேர்ந்தவள். முதல் இரண்டு வருடம் இந்த மேஜையில் அவளுக்கு நாற்காலி கிடையாது. பாத்திரம் தேய்க்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஒருநாள், ஜெபத்தின் நடுவே போதகர் தும்மலை அடக்கப் படும் பாட்டை அப்படியே செய்து காட்டினாள். ஃபே சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அடியே, நீ இங்க வந்து உக்காரு" என்றாள். அன்றிலிருந்து நாற்காலி. அதன் பிறகு வங்கிக்காரி, மேயரின் மனைவி, டுவைட் என்று ஊரில் அவள் வாயில் விழாதவர்கள் குறைவு.

பண்டமாற்று நிகழ்ச்சி முடிந்தால் டுவைட் ஒரு புதுப் பாட்டைப் போடுவான். கேட்டுவிட்டு ஜனங்கள் போன் செய்து சொல்ல வேண்டும்: வைக்கலாமா, தூக்கலாமா.

"இன்னிக்கு நாஷ்வில்லேருந்து ஒரு பொண்ணு. மேபல் க்ராஸ்னு பேரு. நான் எதுவும் சொல்லப்போறதில்ல. நீங்களே கேளுங்க."

கிதார் நாலு தட்டுத் தட்டியது. பிறகு அந்தக் குரல். மூக்கில் பாதி, தொண்டையில் பாதியாக ஏறி, உச்சிக்குப் போகிற நேரத்தில் கிளை முறிவதுபோல் முறிந்து, முறிந்த இடத்திலேயே நின்று பாடியது.

*வெள்ளம் வடிஞ்சு போச்சு, வீடும் காஞ்சு போச்சு,*
*சுவத்துல நிக்குற கோடு மட்டும் எங்க போகும்?*

வெர்னாவின் உள்ளங்கையில் இருந்த முட்டை நசுங்கியது.

"ஐயய்யோ, யாராவது அந்தக் கதவுக்கு எண்ணெய் போடுங்கடி!" என்றாள் ஃபே.

மேஜை முழுக்கச் சிரிப்பு. ரேடியோவில் போன்கள் வர ஆரம்பித்தன. "டுவைட், அந்தப் பொண்ணுக்கு மூக்கடைப்புப்பா. ஆவி பிடிக்கச் சொல்லு. தூக்கு." "எங்க வீட்டு நாய் கட்டிலுக்கு அடியில போனது இன்னும் வெளிய வரலை." பிறகு ஒரு லாரிக்காரன்: "நான் வண்டிய ஓரங்கட்டிட்டுப் பேசறேன். ஏன் ஓரங்கட்டினேன்னு கேக்காத. வை. நீ தூக்கினா உன் ஸ்டேஷன் பக்கம் இனி வரமாட்டேன்."

"இவனுக்கு என்னடி வந்துச்சு?" என்றாள் ஃபே.

"கொஞ்சம் சும்மா இருங்களேன்" என்றாள் இமோஜீன். எல்லாரும் திரும்பினார்கள். "வெண்டல் கடைசி வாரம் பேசினது இப்படித்தான் இருந்துது. கேக்க அழகா இல்ல. ஆனா அந்தக் குரல்ல ஒரு பொய்கூட வெளிய வராதுன்னு தோணும்."

ஃபேக்கு இந்த மாதிரிப் பேச்சு ஆகாது. "ஏண்டி வெர்னா, உன் பொண்ணும் நாஷ்வில்தானே? இவளைத் தெரியுமோ அவளுக்கு?"

இவள்தான் அவள் என்று சொல்லியிருக்கலாம். மூன்று சொல் கூட வேண்டாம். பத்து வருடத்துக்கு முன் மகள் ட்ரூடி ஒரு மதுக்கடையில் பாடப்போகிறேன் என்றபோது, "அப்பா பேரை போஸ்டர்ல போட்டுக்காதே" என்று சொன்னவள் வெர்னாதான். ட்ரூடி எதிர்த்துப் பேசவில்லை. வேறு பேர் வைத்துக்கொண்டாள்.

"அவ பல் டாக்டர்கிட்ட வேலையில இருக்கா" என்றாள் வெர்னா. "பாட்டுக்கும் அவளுக்கும் என்ன?"

"சரி, அப்போ நீ செஞ்சு காட்டு. இவளை."

செய்ய மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். வந்தது பாட்டு. மூக்கைச் சற்றுச் சுருக்கி, தாடையை முன்னால் தள்ளி, சுவரில் நிற்கும் கோட்டை அவள் பாடியதும் மேஜையே ஆடியது. ஃபே கரண்டியை வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "டுவைட் கேக்கணும்டி இதை!" என்று சுவர் போனில் எண்களை அழுத்தி, கம்பி எட்டுமட்டும் இழுத்து, வெர்னாவின் கையில் கொடுத்தாள்.

"ரேடியோவைக் குறைங்க, இங்க எதிரொலிக்குது" என்றான் டுவைட். "யாருங்க பேசறது?"

"சாக்லேட் முட்டை உருட்டறவ" என்றாள் வெர்னா. பிறகு அந்த இரண்டு வரியையும் பாடினாள். அந்தப் பக்கம் டுவைட் மேஜையைத் தட்டிச் சிரிப்பது கேட்டது.

"அசலைவிட நகல் நல்லாருக்கே! மேடம், வைக்கலாமா, தூக்கலாமா?"

பன்னிரண்டு முகங்கள் அவளையே பார்த்தன. "தூக்குங்க" என்றாள்.

திரும்பி வந்தபோது இமோஜீனின் நாற்காலி காலியாக இருந்தது. மாட்டியிருந்த அவள் மேல்கோட்டும் இல்லை.

அன்று மத்தியானமே வீட்டில் போன் அடித்தது. ட்ரூடி ஞாயிற்றுக்கிழமைகளில்தான் கூப்பிடுவாள்.

"மா."

"என்னடி, இன்னிக்கு வியாழக்கிழமைதானே?"

"ஆமா. சாப்பிட்டியா?"

"ஆச்சு."

"நான்தான் டுவைட்டுக்கு எழுதினேன்மா. ரெண்டு மாசமா எழுதிட்டிருந்தேன். அம்மா இருக்கற ஊருன்னு எழுதலை, பயப்படாதே. தெரிஞ்சவங்க இருக்காங்கன்னு மட்டும் எழுதினேன். நீங்க எல்லாரும் ரேடியோவை வெச்சுக்கிட்டு முட்டை உருட்டுவீங்கன்னு நீ சொல்லியிருக்கியே. அந்த நேரத்துக்கு உன் காதுல விழட்டும்னு."

வெர்னா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"வேன்லயே ஸ்டேஷனை போன்ல போட்டுட்டுக் கேட்டோம். முதல் மூச்சு எடுக்கறப்பவே அது நீதான்னு தெரிஞ்சுபோச்சு."

"அந்த ஃபேதான் போனைக் கையில திணிச்சுட்டா..."

"கூட வாசிக்கிற பசங்க ஒரே சிரிப்பு. யாரு இந்தப் பொம்பளை, உன்னைவிட நல்லாப் பாடறான்னான் ட்ரம்ஸ் அடிக்கிறவன். நானும் சிரிச்சேன். யாரோ ஊர்க்காரின்னு சொல்லிட்டேன்."

இதற்கு ட்ரூடி கத்தியிருக்கலாம். வெர்னாவுக்குக் கத்துகிறவர்களிடம் பதில் சொல்லத் தெரியும். நாற்பது வருடம் அப்படிக் குடும்பம் நடத்தியவள்.

"ஒண்ணு கேக்கணும்மா. ரெண்டாவது வரில குரல் உடையுற இடம் இருக்கில்ல? எனக்குப் பத்துத் தடவைல ஒரு தடவைதான் அது சரியா வருது. உனக்கு நின்ன இடத்துல வந்துச்சு. எங்க வெச்சிருந்தே இதை?"

தொட்டியில் காலைத் தட்டு ஒன்று கழுவாமல் கிடந்தது. வெர்னா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான முதல் வருடம், க்ளைட்டின் வேலையிடத்து ஆட்கள் சாப்பிட வந்திருந்தார்கள். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே பாடினாள். க்ளைட் எழுந்து வந்து, ஒரு வார்த்தை சொல்லாமல், சமையலறைக் கதவைச் சாத்திவிட்டுப் போனான். அவ்வளவுதான் நடந்தது. மற்ற நாளில் கத்துகிறவன், அன்று அடித்தானா, திட்டினானா, ஒன்றுமில்லை. அதற்கப்புறம் தண்ணீர் விழுகிற சத்தத்தைத் தாண்டி அவள் குரலை உயர்த்தியதில்லை.

"மா, இருக்கியா? அடுத்த வியாழக்கிழமை டுவைட் என்னை லைன்ல கூப்பிடறான். அந்த முட்டைக்கார அம்மாவையும் கூப்பிடுவேன்னு சொல்றான். நான் என்ன சொல்லட்டும்?"

"உனக்கு எது சௌகரியமோ அதைச் சொல்லு."

"என் சௌகரியத்தைக் கேக்கலை."

"இல்லடி... இங்க எல்லாருக்கும் நீ பல் டாக்டர்கிட்ட வேலை பாக்கறேன்னு..."

"நாலு மாசம் பாத்தேன்மா அந்த வேலை. பத்து வருஷத்துக்கு முன்னாடி. சரி விடு. நீ யாரோ, நான் யாரோ. நான் சொல்ல மாட்டேன். நீ ஒண்ணும் கவலைப்படாதே" என்றாள். வியாதிக்காரர்களிடம் பேசுகிற தொனியில் சொன்னாள். அந்தத் தொனிதான் வெர்னாவை அன்று ராத்திரி எதையும் சாப்பிடவிடவில்லை.

அந்த வாரம் அவள் எங்கே போனாலும் முட்டைக்காரிதான். தபால் நிலையத்துப் பெண் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து, "ஆன்ட்டி, நீங்கதானே அது? ஒரே ஒரு தடவை, ப்ளீஸ்" என்றாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்த முகத்தோடு காத்திருந்தார்கள். வெர்னா பாடினாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு நொடி இருந்தது, அந்த நொடியைத் தெரிந்தேதான் விட்டாள். பாடும்போது தொண்டை திறந்துகொண்டது, நெஞ்சு லேசானது, ஜன்னல் கண்ணாடியில் குரல் பட்டுத் திரும்பியது. கைதட்டினார்கள். தபால்தலையை வாங்காமலே வெளியே வந்து காருக்குள் உட்கார்ந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. க்ளைட் கதவைச் சாத்திய நாளுக்குப் பிறகு நாலு பேர் காதுபட அவள் பாடியது இந்த ஒரு வாரத்தில்தான். அதுவும் பெற்ற மகளைக் கேலி செய்கிற சாக்கில். அந்தச் சாக்கு இல்லையென்றால் பாடியிருக்கவே மாட்டாள். முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். கையில் சர்க்கரை வாசனை அடித்தது.

வியாழக்கிழமை போகாமல் இருந்துவிடலாமென்று காலையில் இரண்டு தடவை கோட்டைக் கழற்றி, மூன்றாவது தடவை மாட்டிக்கொண்டு போனாள். இமோஜீன் வந்திருந்தாள். வணக்கம் சொன்னாள், அதற்கு மேல் இல்லை. ஃபே பேச்சு மும்முரத்தில் சாக்லேட்டைக் கொஞ்சம் அடிப்பிடிக்க விட்டிருந்தாள். கருகல் வாசனை போக அடுப்புக்கு மேலே புகையிழுக்கும் விசிறி பெரிய சத்தத்தோடு ஓடிக்கொண்டிருந்தது. ரேடியோவின் சத்தத்தை அதற்கு மேலே ஏற்றி வைத்திருந்தார்கள்.

"மேபல், உன்னால எங்க ஊரு ரெண்டா நிக்குது" என்றான் டுவைட். "வைக்கணும்னு முப்பது பேர், தூக்கணும்னு முப்பது பேர். அறுபத்தியொண்ணாவதா என் சம்சாரம் போன் பண்ணா. அவ எந்தப் பக்கம்னு சொன்னேன்னா நான் வீட்டுக்குப் போக முடியாது."

ட்ரூடி சிரித்தாள். பேசும்போது அந்தக் குரல் சாதாரணமாக, கொஞ்சம் களைப்பாக இருந்தது. "பிடிக்காதவங்க சொல்றதுல தப்பில்ல சார். எனக்கே காலைல எழுந்ததும் என் குரல் பிடிக்கறதில்ல."

"எங்கேருந்து வந்துச்சு இந்தக் குரல்?"

"வீட்டுலேருந்துதான். பாத்திரம் கழுவுற சத்தத்துக்கு அடியில ஒருத்தங்க பாடுவாங்க. நான் மேஜைக்குக் கீழ உக்காந்து கேப்பேன். நான் அங்க இருக்கறது அவங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சா நிறுத்திடுவாங்க."

"யாரு அது?"

"வேண்டாம் சார். வெளிய சொன்னா அவங்களுக்குப் பிடிக்காது."

வெர்னா உருட்டுவதை நிறுத்தியிருந்தாள். மேஜைக்குக் கீழே. எந்த வீட்டு மேஜை? நீலப் பூப்போட்ட விரிப்பு தரைவரை தொங்குமே, அதுவா? எத்தனை வயதில்? ஒரு தடவைகூடக் குனிந்து பார்த்ததில்லையே.

"இந்தா, லைன் கிடைச்சுடுச்சு!" ஃபே போனைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "டுவைட், எங்க ஆளு இதோ வர்றா! வெர்னா, வாடி, அவ லைன்லயே இருக்கா. அவகிட்டயே பாடிக் காட்டு. இதைவிடத் தமாஷு வேற இருக்கா?"

யாரோ ரேடியோவைக் குறைத்தார்கள். யாரோ வெர்னாவின் முதுகைத் தட்டி எழுப்பினார்கள். கையில் ஒட்டியிருந்த மாவோடு அவள் போனை வாங்கினாள்.

"மேபல், இவங்கதான் எங்க முட்டைக்கார மேடம்!" என்றான் டுவைட். "மேடம், பேசுங்க!"

"வணக்கம் மேடம்" என்றாள் ட்ரூடி. "போன வாரம் கேட்டேன். ரொம்ப நல்லாப் பண்ணீங்க."

யாரோ ஒருவரிடம் பேசுவதுபோலவே பேசினாள். எங்கும் பிசகவில்லை. கொடுத்த வாக்கை இவ்வளவு சுத்தமாக ஒருத்தி காப்பாற்ற முடியுமா என்றிருந்தது. மேஜையைச் சுற்றி எல்லாரும் கையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கத் தயாராக இருந்தார்கள். ஃபே முகத்தாலேயே பாடு, பாடு என்றாள்.

"ட்ரூடி" என்றாள் வெர்னா. "உன் அம்மா பேசறேன்."

சொல்லிவிட்டதாகத்தான் நினைத்தாள். ஆனால் குரல் உதட்டைத் தாண்டவில்லை. விசிறி இரைந்தது. ஃபே இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"என்ன சொன்னீங்க?" போனில் ட்ரூடியின் குரல் மெல்ல இறங்கியது. "இங்க சரியாக் கேக்கலை. இன்னொரு தடவை சொல்றீங்களா?"

இமோஜீன் தாளைக் கீழே வைத்தாள். எழுந்து, யாரையும் பார்க்காமல் அடுப்புக்குப் போய், விசிறியை நிறுத்தினாள். அதன் இறக்கைகள் இரண்டு மூன்று சுற்றுச் சோம்பலாகச் சுற்றி ஓய்ந்தன. சமையலறையில் இருந்த சத்தமெல்லாம் அதோடு போயிற்று. ஃபேயின் கரண்டியிலிருந்து சாக்லேட் சொட்டுவதுகூடக் கேட்டது. வெர்னா போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள்.