வரிசையில் வந்த ஆமென்

கடன் வாங்கிய வெள்ளை அங்கி கணவருக்கு ஒரு சாண் கூடுதல் நீளமாக இருந்தது. அவர் முக்காலிமேல் நிற்க, அவள் தரையில் உட்கார்ந்து விளிம்பை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருடமும் சாதாரணச் சட்டையோடு பிரசங்கம் செய்த போதகர் அவர். மாலையில் தெருவின் இரண்டு பக்கத்துச் சபைகளும் ஒன்றாகின்றன. அதற்குப் பின் போதகர் என்றால் அங்கி போட்டாக வேண்டும்.

வாசலில் நின்ற தச்சர் சிரித்தார். சபை மூப்பர்களில் ஒருவர். எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார் என்பதால் முழக்கோல் என்று பேர் வாங்கியவர்.

"ஐயாவுக்கு மாப்பிள்ளைக் களை வந்துடுச்சும்மா. கண்ணு படாம பாத்துக்கோங்க."

"நீங்க வேற," என்றாள்.

முழக்கோலின் சிரிப்பு நிலைக்கவில்லை. "அன்னைக்கு ஐயாவைப் போதகராக்கக் கை வெச்சு ஜெபம் பண்ணது நாங்க. நான், தையல்காரர், பால்காரர். இன்னைக்கு மறுபடியும் வைக்கணுமாம், அதுவும் எதிர்ச்சபைப் பேராயர் மட்டும்தான் வைப்பாராம். எங்க கையில என்ன, மரத்தூளா ஒட்டிக்கிட்டிருந்துச்சு?"

"ஆமென் உங்களோடதுதானே," என்றார் கணவர். "அதுக்குத்தானே கமிட்டியில தொண்டைத் தண்ணி வத்தப் பேசினேன்."

அது அவர்கள் சபையின் வழக்கம். கை வைப்பதோ ஞானஸ்நானமோ, எல்லாரும் சேர்ந்து ஆமென் சொல்லிவிட மாட்டார்கள். வரிசையாக ஒவ்வொருவராகச் சொல்லவேண்டும். ஒரு வாய் மூடியிருந்தாலும் காரியம் முடிந்ததாகாது. இணைப்புப் பேச்சில் மற்றதையெல்லாம் விட்டுக்கொடுத்து, இதை மட்டும் கேட்டு வாங்கியிருந்தார்.

முழக்கோல் போனதும் அவள் ஊசியைக் கீழே வைத்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளேன்."

"இன்னைக்குத்தான் உங்களுக்கு அதிகாரம் வருதுன்னா, அன்னைக்கு ஆஸ்பத்திரியில உங்க கையில என்ன இருந்துச்சு?"

அவர் முக்காலியிலிருந்து இறங்கவில்லை.

அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது. ஒரு பகல்கூட முழுதாகத் தங்கவில்லை. மருந்து மூடியில் நர்ஸ் கொண்டுவந்த தண்ணீரில் விரலை நனைத்து, பெயர் சொல்லி, அவர்தான் ஞானஸ்நானம் கொடுத்தார். மயக்க மருந்தில் கிடந்த அவளுக்குக் காது கேட்டது, நாக்கு புரளவில்லை. ஆமென் சொல்ல வரவில்லை. அதன்பின் அந்தப் பெயரை வீட்டில் யாரும் உரக்கச் சொன்னதில்லை. சொல்லாமல் போன ஆமெனைப் பற்றி அவளும் வாய் திறந்ததில்லை. குறை தன்னுடையது மட்டும் என்று இருந்தவரை எப்படியோ தாங்கிக்கொண்டாள். ஞானஸ்நானம் கொடுத்த கையிலேயே குறை என்றால் குழந்தைக்கு என்னதான் மிஞ்சும்?

"தெரியலம்மா," என்றார் அவர். "நானும் அதையேதான் கேட்டுக்கிட்டிருக்கேன். பேராயர் முன்னால மண்டி போடமாட்டேன்னு சொல்லிடலாம். ஆனா தையல்காரர் தவறினப்ப சவப்பெட்டியத் தூக்கிட்டுப் போயி எதிர்ச்சபைக் கல்லறை கேட்டுல நின்னோமே, நம்ம சபை ஆள்னு உள்ள விடாம. இன்னொரு பெட்டியோட அங்க நிக்க எனக்குத் தெம்பில்ல."

அவளும் அன்று அங்கே நின்றவள்தான். அதனாலேயே அவரை மறிக்கவும் முடியவில்லை.

ஆராதனைக்கு முன் அங்கியை மடித்து எடுத்துக்கொண்டு கோயிலின் பக்க அறைக்குப் போனாள். பேராயர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காராமலே குழந்தையைச் சொன்னாள், தண்ணீரைச் சொன்னாள், அது செல்லுமா என்று கேட்டாள்.

"முன்னாடி செஞ்சது செல்லாதுன்னு நாங்க எங்கயுமே சொல்லலம்மா. எது குறைவோ அதைத் தந்தருளும்னுதான் ஜெபிக்கிறோம். குறை இருக்கா இல்லையாங்கிறது கர்த்தருக்குத்தான் தெரியும்."

"அவருக்குத் தெரிஞ்சா போதுமா ஐயா? பெத்தவ எனக்குத் தெரிய வேண்டாமா?"

அவர் குரலைத் தணித்தார். "மனசு ஆறலைன்னா, குழந்தைக்காக நான் தனியா ஒரு ஜெபம் பண்றேன்."

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். இன்னொரு ஜெபம் தேவை என்றால் முதலாவது எட்டவில்லை என்றுதானே ஆகிறது. அன்பாகச் சொன்ன சொல்தான். அதுவே கடைசிப் பிடியையும் பிடுங்கிக்கொண்டது.

கோயிலில் இரண்டு சபையாரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். கணவருக்கு மூட்டுவலி, பீடத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் மண்டியிட்டார். அவள் தைத்த விளிம்பு தரையில் மடங்கிக் கிடந்தது. பேராயர் அவர் தலைமேல் கை வைத்து, எது குறைவோ அதைத் தந்தருளும் என்றார்.

முன் வரிசையிலிருந்து ஆமென் புறப்பட்டது. பால்காரர் சொன்னார். அவர் மனைவி சொன்னாள். முழக்கோல் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். அடுத்தது அவள்.

வாய் திறக்கவில்லை. அன்றைக்குப் போலவே நாக்கு கல்லாகக் கிடந்தது. இன்று பழிபோட மருந்தும் இல்லை. எதிர்ச்சபைக்காரர்கள் கழுத்தைத் திருப்பினார்கள்.

"அம்மா, உங்க முறை," என்று முழக்கோல் கிசுகிசுத்தார்.

கணவர் மூட்டுவலியோடு இன்னும் மண்டியிட்டபடியே இருந்தார். சொன்னால், அன்றைய கையில் குறை என்று ஒப்புக்கொண்டு மகளைக் கைவிட்டதாகும். சொல்லாவிட்டால் அவரை.

அப்போது, பேராயரின் கைக்கு அடியிலிருந்து, தலையைத் தூக்காமல், கணவர் குழந்தையின் பெயரைச் சொன்னார். ஆஸ்பத்திரியில் சொன்ன அதே குரல். கோயில் முழுக்கக் கேட்டது.

பேராயரின் விரல்கள் ஒருமுறை அசைந்தன. கையை எடுக்கவில்லை.

"ஆமென்," என்றாள் அவள்.

எதற்குச் சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை. பேராயரின் ஜெபத்துக்குத்தான் என்று எடுத்துக்கொண்டு பக்கத்திலிருந்த பெண் தன்னுடையதைச் சொன்னாள். ஆமென் பின் வரிசைக்குப் போனது. அவள் பெஞ்சின் விளிம்பை இறுகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இத்தனை தாமதமாகப் புறப்பட்ட ஆமென் குழந்தையிடம் போய்ச் சேருமா என்று விசாரிக்க, அந்தக் கோயிலில் இனி அவளுக்கு ஆளில்லை.